சலூன் கண்ணாடியில் பதிந்த லத்தியடி குறித்து

அனுப்புநர்:
முடிதிருத்தும் கடைக்காரர்,
பேருந்து நிலையத்துக்கு எதிரில்.

பெறுநர்:
காவல் ஆணையர் அவர்கள்.

பொருள்: தாங்கள் நேற்று விருது வழங்கிய காணொளியைத் தங்கள் துறையே போலி என்று தள்ளியது, என் தம்பி மீதான வழக்கைக் கைவிடக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஏழு மாதங்களுக்கு முன் என் கடை வாசலில் வண்டியை நிறுத்திய தம்பியைக் காவலர் ஒருவர் லத்தியால் அடித்து வலது மணிக்கட்டை முறித்தார். காவலரைத் தாக்கியதாகத் தம்பி மேலேயே வழக்கும் போட்டார்கள்.

2. என் கடைக் கேமரா வாசலைப் பார்க்காது, சுவர்க் கண்ணாடியைப் பார்க்கும். ஆனால் கண்ணாடியில் தெரு முழுதும் தெரியும். அதில் பதிந்ததைப் புகாரோடு கொடுத்தேன்.

3. படத்தில் இருப்பவர் இடக்கையால் அடிக்கிறார், எங்கள் காவலர் வலக்கைக்காரர், ஆகவே படம் போலி என்று எழுதி விசாரணை அதிகாரி கோப்பை மூடிவிட்டார். கண்ணாடியில் இடம் வலம் மாறும் என்று சொல்லப் போனேன். முடி வெட்டுகிற வேலையைப் பார் என்றார். இருபத்திரண்டு வருடமாக அந்த வேலையைக் கண்ணாடியைப் பார்த்துத்தான் செய்கிறேன், ஐயா.

4. பிறகு செய்திக் காணொளி எடுக்கும் பெண் ஒருவர் கடைக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டார். எதிர்க்கடைப் பலகையின் எழுத்து நேரானது, லத்தி வலக்கைக்கு வந்தது, காவலரின் சட்டை எண்ணும் படிக்கும்படி ஆனது.

5. அவர் எடுத்த அந்தக் காணொளிக்குத்தான் நேற்று விழாவில் தாங்கள் விருது கொடுத்து, எழுந்து நின்று கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். அந்தப் பெண்ணுக்கு அது தகும். வீட்டுக்கு வந்து தம்பி சொன்னதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத முடிவு செய்தேன்.

6. முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்ததைத் தாங்கள் கவனித்திருக்கலாம். தம்பிக்குப் போட்டது. விழா பத்து மணிக்கு. ஜாமீன் நிபந்தனைப்படி அவன் தினமும் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டியதும் பத்து மணிக்கு. பதிவேட்டை நீட்டியவர் அதே காவலர். "என்னப்பா, இன்னிக்கு உன் படத்துக்கு விழாவாமே, போகலையா?" என்று கேட்டாராம். தம்பி, முறிந்த கை இன்னும் மடங்காததால் இடக்கையால் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான்.

ஆகவே விசாரணையை மீண்டும் எடுத்து, வழக்கைக் கைவிட ஆவன செய்ய வேண்டுகிறேன். ஐயமிருந்தால் கடைக்கு வந்து கண்ணாடி முன் அமர்ந்து வலது காதைத் தொட்டுப் பாருங்கள், போதும். தாங்கள் முடிவெடுக்கும் வரை தினமும் பத்து மணிக்குத் தம்பி அந்த நிலையத்தில் இருப்பான்.

நாள்: விருது விழாவுக்கு மறுநாள்
இடம்: கடை

இங்ஙனம்,
(ஒப்பம்)
அடிபட்டவனின் அண்ணன்