மைலோவுக்கு மட்டும் சொன்னது

மே 30, 2025, வெள்ளி

கோப்பேங் ஆற்றோரக் கேம்ப்சைட். தைப்பிங்கில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது மழை, இங்கே வெயில். பள்ளி விடுமுறையில் வீட்டில் உட்கார்ந்து தாள் திருத்துவதைவிட இது மேல் என்று சொல்லி நான்தான் இடம் பிடித்தேன். உண்மைக் காரணத்தை இங்கேயாவது எழுதுகிறேன். இவர் பேசுவதில்லை. அக்டோபரில் ஓய்வு பெற்றதிலிருந்து "ம்", "சரி", "இருக்கட்டும்" என்று மூன்று சொல்லிலேயே ஏழு மாதத்தை ஓட்டிவிட்டார். நாலு நாள், ஒரே கூடாரம், வைஃபை கிடையாது. பேசாமல் எங்கே போவார்?

மாலையில் ஆற்றைப் பார்த்துக்கொண்டே, "சாரதா, நா வந்து..." என்றார்.

"டீதானே? இந்தாங்க" என்று ஃபிளாஸ்க்கைத் திறந்தேன். குடித்தார். "ம்."

மே 31, சனி

பக்கத்து இடத்துக்கு விடியும்போதே ஈப்போவிலிருந்து ஒரு ஜோடி வந்திருக்கிறது. பாஸ்கல், ஜோவான். கூடவே மைலோ என்று ஒரு பழுப்பு நாய். காலை ஏழு மணிக்கே கரோக்கே. கோழி சுடுகிற புகை முழுக்க எங்கள் கூடாரத்துக்குள். நாய் ஆற்றில் முங்கிவிட்டு நேராக என் பாயில் வந்து உடம்பை உதறியது. சிலிப்பரில் ஒன்றைக் காணவில்லை. கிடைத்தபோது பாதிதான் இருந்தது.

பாஸ்கலிடம் சொல்லப் போனேன். "கோவிச்சுக்காதீங்க அக்கா, ஹாலிடேதானே லா! கோழி சாப்பிடுங்க." வாங்கிக்கொண்டு வந்தேன். நன்றாகத்தான் இருந்தது, அது வேறு எரிச்சல்.

இவருக்கு ஒரு எரிச்சலும் இல்லை. நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஜூன் 1, ஞாயிறு

பேசுகிறார். நாயிடம்!

காலையில் ஆற்றங்கரைப் பாறை மேல் இவரும் அதுவும். முழு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் கிட்டே போனதும் நிறுத்திவிட்டார்.

"என்ன பேசிட்டிருந்தீங்க?"

"சும்மா."

நாய் என்னை ஏற இறங்கப் பார்த்தது. என்னமோ அவர்கள் வீட்டுக்கு நான் சொல்லாமல் வந்துவிட்ட மாதிரி.

முப்பத்திரண்டு வருஷமா சமைச்சுப் போடுறவ நான். நேத்து வந்து என் சிலிப்பரைத் தின்னது அது. அதுகிட்ட அப்படி என்ன இருக்கு? — பொறாமைதான். வேறென்ன? ஐம்பத்தேழு வயதில், ஒரு கணக்கு டீச்சருக்கு, நாயைப் பார்த்து.

மதியம் கேம்ப்சைட் முதலாளியிடம் போய், நாயைக் கட்டிப்போடச் சொன்னேன். சுகாதாரம் என்று காரணம் காட்டினேன். கட்டினார்கள். இவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அங்கேயே போய்விட்டார்.

ஜூன் 2, திங்கள்

தட்டு கழுவப் போனேன். குழாய் பாஸ்கல் கூடாரத்துக்குப் பின்னால். தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் இவர் குரல்.

"அவ ஸ்கூலுக்குப் போனதும் நானும் கிளம்பிருவேன்டா. கடைக்குப் பசியாறப் போறேன்னு நெனச்சிட்டிருக்கா. பழைய ஆபீஸுக்கு எதிர்ல காரைப் போட்டு உள்ளயே உக்காந்திருப்பேன். எட்டு மணிக்கு ஷட்டர் தொறப்பாங்க. என் ஜன்னல்ல இப்ப யாரோ பூச்செடி வெச்சிருக்காங்க."

நிறுத்தினார். நாய் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கோ அதற்குள் மூன்று யோசனைகள் தயார். யோகா வகுப்பு, கோயில் கமிட்டி, இல்லாவிட்டால் டியூஷன்.

"அவகிட்ட சொல்லலாம்னுதான் பாக்குறேன். நா பாதி சொல்றதுக்குள்ள மீதிய அவளே சொல்லிடுறா."

கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன். வெள்ளிக்கிழமை அவர் டீ கேட்கவே இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

வீடு. மழை. கிளம்பும்போது ஜோவான் புது சிலிப்பர் ஒரு ஜோடி கொண்டுவந்து கொடுத்தாள். "சாரி அக்கா" என்றாள். நல்ல பெண். பாஸ்கல், "மைலோ உங்களைத் தேடுவான் அண்ணே" என்றதும் இவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.

ஜூன் 7, சனி

இன்று மட்டும் மூன்று தடவை அவர் பேச்சை நானே முடித்து வைத்தேன். எண்ணிப் பார்த்தேன்.

ஜூன் 14, சனி

பசியாறும்போது, "சாரதா, நா வந்து..." என்றார்.

தோசையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன். மென்றேன். அவர் என்னைப் பார்த்தார், நான் தட்டைப் பார்த்தேன். ஒரு லாரி போய், அதன் சத்தமும் அடங்கிய பிறகுதான் தொடங்கினார். கார், ஷட்டர், பூச்செடி, நாயிடம் சொன்ன அதே வரிசையில். அந்தச் செடிக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லையாம், வாடிக்கொண்டிருக்கிறதாம். அது எனக்குப் புதிது. மற்றதெல்லாம் தெரியும் என்று நாக்கு நுனிவரை வந்தது. தோசையோடு விழுங்கினேன்.

பேச்சு நின்றது. இன்னொரு தோசை ஊற்றலாம் என்று எழுந்தேன்.

"இரு சாரதா, நா இன்னும் முடிக்கல" என்றார்.

உட்கார்ந்தேன்.