டிராக்டர் கிளம்பியது, லீவு நின்றது

அன்புள்ள என் மனைவிக்கு,

உன் முதுகுவலி தேவலையா? பாப்பாவுக்கு இருமல் நின்றதா? நான் சௌக்கியம். சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

போன வாரம் இங்கே புல் வெட்டும் டிராக்டர் மக்கர் செய்தது. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. புது பேட்டரி போட்டும் பலனில்லை. நான் டெஸ்ட் விளக்கை வைத்து ஒவ்வொரு ஒயராகப் பார்த்தேன். சாவி சுவிட்ச் வரை கரண்ட் வந்தது. அங்கிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் ஒயரின் முனை கருகியிருந்தது. அதை வெட்டிவிட்டுப் புது முனை போட்டேன். முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பிவிட்டது.

முதலாளி என் தோளில் தட்டிக்கொடுத்தார். "நீ ஊருக்குப் போயிட்டா இதையெல்லாம் யாருப்பா பார்ப்பா? லீவை அடுத்த வருஷம் வச்சுக்கோ" என்றார்.

என் பாஸ்போர்ட் அவருடைய பீரோவில் இருக்கிறது. சிரித்துக்கொண்டே "சரிங்க" என்றேன். வேறென்ன சொல்ல முடியும், சொல்? அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடு.

பாப்பாவின் பாதத்தை ஒரு தாளில் வைத்து வரைந்து அனுப்பு. அவளை முதன்முதலாகப் பார்க்கும்போது என் கையாலேயே போட்டுவிடலாம் என்று ஒரு ஜோடி செருப்பு வாங்கியிருந்தேன். அளவு சரியாக இருந்தால் தபாலில் அனுப்பிவிடுகிறேன். நான் வருவதற்குள் சின்னதாகிவிடும்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

பாப்பாவின் அப்பா