இருபத்தாறு பெரியவர்கள்

மே 21
எங்கள் பாசன அலுவலகத்துக்குத் தரவுத்தளம் வரப்போகிறதாம். தலைவர் தோக்தோசுன், தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து எல்தியார் என்றொரு கணினிக்காரனைக் கூட்டி வந்துவிட்டார்.
கணினியில் நான் வைத்திருக்கும் பத்தொன்பது கோப்புகளுக்கு என்ன குறை? யாருக்கு எப்போது தண்ணீர் என்ற நீர்முறைக்கு ஒன்று, நிலத்துக்கு ஒன்று, கைப்பேசி எண்ணுக்கு ஒன்று. ஒருவர் எண் மாறினால் ஐந்து கோப்புகளில் திருத்த வேண்டும், நாலில் திருத்துவேன். விவசாயி அசனாலி செத்து மூன்று வருடமாகிறது. இரண்டு கோப்புகளில் இன்னும் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறார். யாருக்கு என்ன நஷ்டம்?

மே 23
"அக்கா, இதுல ஒரு ஆளுக்கு ஒரே பதிவுதான். ஒரு இடத்துல திருத்தினா எல்லா இடத்துலயும் திருந்திடும். கண்டதையும் போட்டா வாங்கிக்காது."
"என் கோப்பு நான் எதைப் போட்டாலும் வாங்கிக்கும்."
"அதான்க்கா வியாதியே."
வியாதியாம்!

மே 28
நீர்முறைக் கோப்பைத் திறந்துவிட்டான். 'பெயர்' என்ற இடத்தில் இருபத்தாறு வரிகளில் "பெரியவர்" என்று இருக்கிறது. இருக்கத்தான் செய்யும். நிலம் மாமனார் பேரில், பதிய வருகிறவள் மருமகள். எந்த மருமகள் மாமனார் பேரை வாயில் எடுப்பாள்? அவள் சொன்னபடி நான் எழுதினேன். எந்தப் பெரியவர் எந்த வீட்டுக்காரர் என்று எனக்குத் தெரியும், போதாதா? அதில் ஒருவர் எங்கள் மாமா, என் கணவனின் அப்பா.
"எல்லாம் ஒரே ஆளாக்கா?" என்றான்.
"எல்லாம் தெரிஞ்ச உன் மெஷினையே கேளு."
நன்றாக வேண்டும் அவனுக்கு.

மே 30
மெஷினையே கேட்டுவிட்டான். "இரட்டைப் பதிவெல்லாம் சுத்தம் பண்ணியாச்சு" என்று கைகுலுக்கிவிட்டு ஊருக்குப் போய்விட்டான்.

ஜூலை 2
பீன்ஸ் பூத்து நிற்கிறது. இப்போது தண்ணீர் இல்லையென்றால் இந்த வருடம் அவ்வளவுதான்.
நேற்று முதல் புதுப் பட்டியல். அதில் பெரியவர் – ஒரே ஒருவர். வியாழன் காலை, இரண்டு மணி நேரம். இன்று மதகடியில் இருபத்தாறு வீட்டு ஆண்கள் மண்வெட்டியோடு. "நான்தான் பெரியவர்!" "நீயா? உன்னைவிட நான் ஏழு வயசு மூத்தவன்டா!" அடிதடி ஆகாதது அதிசயம். மெஷின் அச்சடித்ததைத் தவிர எதையும் ஏற்கக் கூடாதென்று மதகுக்காரருக்கு உத்தரவு போட்டதே தலைவர்தான். இப்போது அவர் கைப்பேசியை அணைத்துவிட்டார்.
மாமா காய்ந்த பூட்ஸோடு திரும்பி வந்தார். "உங்க ஆபீஸ்ல என்னைக் கரைச்சுட்டாங்க போலிருக்கேம்மா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.
அன்றைக்கு எல்தியாரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குத் திமிர்.

ஜூலை 3
வீடு வீடாகப் போன் போட்டேன். ஒவ்வொரு மருமகளும் அதே பாட்டு: "உனக்குத்தான் தெரியுமே, அந்த உசரமானவர்…" கடைசியில் ஒரு கெட்டிக்காரி மாமனாரின் அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பினாள். வாயைத் திறக்கவே வேண்டியதில்லை! மற்றவர்களையும் அனுப்பச் சொன்னேன். மாலைக்குள் இருபத்தைந்து பெயர். மெஷின் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. நன்றாகத்தான் வேலை செய்கிறது, சனியன்.
பாக்கி ஒன்று.

ஜூலை 4
'பெயர்' கட்டத்தில் வெறும் புள்ளி வைத்துப் பார்த்தேன் – வாங்கவில்லை. "பெரியவர்" – புதுப் பதிவில் அது கூடாதாம். கணவன் மேய்ச்சல் மலையில், போனுக்கு எட்டாத தூரம். தலைவர் மாவட்ட அலுவலகத்துக்கு ஓடிவிட்டார். நாளைய முறைக்கு ஐந்து மணிக்குள் பட்டியல் மூடும். மாமாவையே கூப்பிட்டு எழுதச் சொல்லலாமா? என் வேலையைச் செய்ய அவர் வருவதா? அது இன்னும் மரியாதைக்கேடு.
நாலு ஐம்பதுக்கு மாமா பேரை நானே எழுதினேன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. இங்கே எழுத மாட்டேன்.

ஜூலை 5
தண்ணீர் வந்தது. கடைசிச் சால் வரை.

ஜூலை 9
பட்டியலை அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். மாமா போய்ப் பார்த்திருக்கிறார். சாயந்தரம் டீக்கு உட்கார்ந்தபோது போட்டு உடைத்தார்: "எம்பேரை எழுதியிருக்கா, மருமக." அத்தை கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள்.
"நீயா எழுதின?"
"ஆமா, அத்தை."
"எழுதறப்போ கை நடுங்குச்சா?"
"நடுங்குச்சு."
"அப்பச் சரி" என்று, எப்போதும் மாமாவுக்குப் போகும் முதல் டீக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.