அந்தக் கை என்னுடையது இல்லை

கள்ளக்குறிச்சி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஜன்னதுல் பிர்தௌஸுக்கு உன் அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். பெங்களூரில் நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே அத்தாவுக்கு முட்டிவலி ஜாஸ்தியாகிவிட்டது, வாய் மட்டும் கொஞ்சமும் கம்மியாகவில்லை. பிளாஸ்டிக் கடையை உன் தம்பி சுபைர்தான் பார்த்துக்கொள்கிறான். அத்தா கல்லாவில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் உன் விளம்பர வீடியோவைக் காட்டிக்கொண்டிருக்கிறார். வாளி வாங்க வந்தவன் வாளியை மறந்துவிட்டுப் போகிறான்.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். நான் வாயைத் திறந்தாலே மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது மேஜைமேல் கிடக்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபமாக இருந்தால் ரெண்டு சத்தம் போட்டுத் தீர்த்துக்கொண்டிருப்பேன். இது கோபம் இல்லை, அருவருப்பு. பெற்ற மகள் செய்த காரியத்தைப் பார்த்து ஒரு தாய்க்குக் குமட்டுமா என்று நீ கேட்கலாம். எனக்குக் குமட்டியது.

உன் சீயக்காய்த்தூள் பாக்கெட்டுக்கு என் பெயரை வைத்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை. சரி, ஆசைப்படுகிறாள் என்று விட்டேன். இப்போது வீடியோவுக்குக் கீழே இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறாய் என்று சுபைரைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஒவ்வொரு கோடையிலும் நம் குடும்பம் கல்வராயன் மலைக்கு இன்பச் சுற்றுலா போகுமாம். அருவியோரத்தில் உட்கார்ந்து உன் அம்மா தன் கையால் சீயக்காய் இடித்து உன் தலையில் தேய்த்துவிடுவாளாம். அந்த வாசனைதான் இந்தத் தொழிலுக்கு விதை போட்டதாம்.

எந்த அருவி, பிர்தௌஸ்? எந்தச் சுற்றுலா? அத்தா வெள்ளிமலைச் சந்தையில் குடமும் வாளியும் விற்கப் போவார். பள்ளிக்கூடம் லீவு விட்டால் உங்களைத் தனியாக விட முடியாது என்று எல்லோரும் மினி லாரியில் ஏறிக்கொள்வோம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினால் வளைவுக்கு வளைவு நீ வாந்தி எடுப்பாய், அதுவும் விற்க வைத்திருக்கிற வாளியில். அத்தா அதைக் கழுவித் துடைத்து எல்லா வாளிக்கும் மேலே அடுக்கி வைப்பார், முதலில் அதுதான் விற்கும். அந்தக் கதையைப் போட்டிருந்தால்கூட நான் சிரித்திருப்பேன். நானாவது, சீயக்காய் இடிப்பதாவது. நம் வீட்டில் உடம்புக்குத் தேய்க்கிற சோப்புதான் தலைக்கும்.

நீ நாலாவது படித்த வருஷத்தை மறந்துவிட்டாயா? உன் தலை முழுக்கப் பேன். சொறிந்து சொறிந்து புண்ணாகி, சீழ் பிடித்து, முடி கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. டீச்சர் உன்னைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்தார். நைனார்பாளையத்துக் கல்யாண வீட்டில் நம் சொந்தக்காரர்களே தங்கள் பிள்ளைகளை உன் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டார்கள். உனக்கு மட்டும் தனியாகச் சாக்கு விரித்துப் படுக்கப்போட்டார்கள். அன்றைக்கு நீ அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. மண்ணெண்ணெய் வைத்துப் பார்த்தேன், தோல் வெந்ததுதான் மிச்சம்.

அந்த லீவில்தான் வெள்ளிமலையில் காசியம்மாள் உன்னைப் பார்த்தாள். சந்தையில் புளியும் கடுக்காயும் விற்றுக்கொண்டிருந்தவள். அதற்கு முன்னால் நமக்கும் அவளுக்கும் குடம் விற்ற பழக்கம் மட்டும்தான். முக்காட்டை விலக்கித் தலையைப் பார்த்தாள். மூக்கைப் பொத்தவில்லை, முகம் சுளிக்கவில்லை. "அய்ய, இன்னா பாயம்மா, கொழந்தைய இப்பிடி உட்டுக்கினு கீறிங்க" என்று என்னைத் திட்டிவிட்டு உன்னை மடியில் சாய்த்துக்கொண்டாள். அத்தா சந்தையை முடித்துக்கொண்டு திரும்ப, நாம் அவள் வீட்டிலேயே தங்கிவிட்டோம். சீயக்காயும் பூந்திக்கொட்டையும் வேப்பிலையும் போட்டு இடித்துத் தினமும் உனக்குத் தலை அலசினாள். சீழையும் ரத்தத்தையும் வெறும் விரலால் வழித்துப் போட்டாள். ஒவ்வொரு ஈராக உருவி நகத்தில் நசுக்கினாள். அப்புறம் அதே கையைக் கழுவிவிட்டு உனக்குச் சாமைச்சோறு பிசைந்து ஊட்டினாள். நீ வாயைத் திறந்து வாங்கித் தின்றாய்.

இன்று உன் முதுகில் புரளுகிற அந்த முடி அப்போது வளர்ந்தது. இன்று உன் பாக்கெட்டில் இருக்கிறதும் அதே கலவைதான்.

போன மாதம் வீடியோ எடுக்க மலைக்குப் போகவேண்டும் என்று நீ சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? காசியம்மாளை ஊர் உலகம் பார்க்கப்போகிறது என்று நினைத்தேன். அவளும் வாசல் மெழுகி, பலாப்பழம் அறுத்து வைத்துக் காத்திருந்தாள். உன்னைக் கண்டதும் ஆசை தாங்காமல் தோளைப் பிடித்து உட்காரவைத்துத் தலையை மடிக்கு இழுத்தாள். அவளுக்கு அன்பு வந்தால் கை தலைக்குத்தான் போகும். அந்த மலையில் அவள் பேன் பார்க்காத தலை இருக்குமா? என் தலையைக்கூட இன்னும் விடமாட்டாள்.

நீ பாம்பு தீண்டியவளைப்போல எழுந்தாய். "ஐயோ, ஹேர்" என்றாய். அவ்வளவுதான். காசியம்மாள் கை அப்படியே காற்றில் நின்றது. அந்தக் கேமராக்காரர்கூடக் கீழே பார்த்துக்கொண்டார்.

அதோடு போகட்டும் என்று பார்த்தால், காரில் ஏறியதும் ஈரக் காகிதத்தால் முடியைத் துடைத்தாய், கையில் சானிடைசரை ஊற்றிக்கொண்டாய். அவள் கொடுத்தனுப்பிய பலாச்சுளையை வளைவில் ஜன்னல் வழியாக வீசினாய். ஒரு குரங்கு எடுத்துத் தின்றது. அதுவாவது முகம் சுளிக்கவில்லை. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், நீ என்னைப் பார்க்கவே இல்லை. சீ, இது என் வயிற்றில் பிறந்ததுதானா என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை எழுதுகிறேன், மறைக்கப்போவதில்லை.

இப்போது வீடியோவுக்கு வருகிறேன். அதில் சீயக்காய் இடிக்கிற கை காசியம்மாளுடையது, அன்றைக்கு உன் கேமராவுக்காக அவள் இடித்துக்காட்டியது. இடித்து முடித்ததும் வருகிற முகம் என்னுடையது. நம் வீட்டு மாடியில் உட்காரவைத்து, சும்மா சிரிங்கம்மா என்று எடுத்தாயே, அந்த முகம். அவள் கையை என் உடம்பில் ஒட்டவைத்திருக்கிறாய். அவளுடைய தலையை எங்கே போட்டாய்?

நான் கேட்டபோது நீ சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பேன் என்று சொன்னால் யாரும்மா வாங்குவார்கள், அந்த ஆன்ட்டி முகம் கஸ்டமருக்கு ஒட்டாது, உங்கள் முகம் நீட்டாக இருக்கிறது என்றாய். உன் தொழில் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. வேலையை விட்டுவிட்டு நீயே இடித்து, சலித்து, பாக்கெட் ஒட்டி ராப்பகலாகப் பாடுபட்டாய். பேன் கதை வேண்டாமென்றால் வேண்டாம், அது உன் இஷ்டம். ஆனால் ஒருத்தி கையைத் திருடி இன்னொருத்திக்கு மாட்டுவது தொழில் இல்லை.

வியாழக்கிழமை காசியம்மாள் மகள் தமிழ்மொழி வந்தாள். இங்கே காலேஜில் படிக்கிறாளே, அவள்தான். போனை நீட்டி, "இது எங்கம்மா கைதான பாயம்மா? கட்டவெரல்ல அருவா வெட்டு தெரியுது பாருங்க" என்றாள். சண்டை போட வரவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் அம்மாவும் பார்த்துவிட்டாளா என்று கேட்டேன். பார்த்தாளாம். பாயம்மா முகம் நன்றாக விழுந்திருக்கிறது என்றாளாம். நீ முடியை விரித்துக்கொண்டு நிற்கிற இடம் வந்தால் மட்டும் மறுபடி மறுபடி வைக்கச் சொல்கிறாளாம், "பாப்பா முடி எப்பிடி தொங்குது பார்" என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் காட்டுகிறாளாம்.

கிளம்பும்போதுதான் இன்னொன்று சொன்னாள். நாம் அங்கிருந்து வந்த நாளிலிருந்து அவள் அம்மா கையை அடிக்கடி முகர்ந்து பார்க்கிறாளாம். "எங் கையி நாறுதாடி? பாப்பா ஏன் அப்பிடி எழுந்துக்கிச்சு?" என்று கேட்கிறாளாம். தமிழ்மொழி இதைச் சொல்லிவிட்டு அழவில்லை. நான்தான் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன்.

பெங்களூரில் புதுக்கடை திறக்கிறாய், ரிப்பன் வெட்ட நான் வரவேண்டும் என்கிறாய். வரமாட்டேன். அத்தா அழைத்தாலும் வரமாட்டேன். என் பெயரை அந்தப் பாக்கெட்டிலிருந்தும் என் முகத்தை அந்த வீடியோவிலிருந்தும் எடுத்துவிடு. காசியம்மாள் சம்மதித்தால் அவள் பெயரை வை. அவள் மாட்டேன் என்றால் யார் பெயரும் இல்லாமல் விற்றுக்கொள். தூள் நல்ல தூள்தான், பொய் கலக்காமலே விற்கும்.

அதற்கு முன்னால் ஒருமுறை மலைக்கு வா. கேமரா வேண்டாம், மாப்பிள்ளைகூட வேண்டாம். போய் அவள் மடியில் தலையை வை. மன்னிப்பு என்று ஒன்றும் பேசவேண்டியதில்லை. அவள் பேன் பார்க்கட்டும். இல்லாத பேனைத் தேடிக் கொஞ்சநேரம் அவள் கை உன் தலையில் இருக்கட்டும். அவள் தன் கையை முகர்ந்து பார்ப்பது அதோடு நிற்கும்.

மலையிலிருந்து இறங்கினால் நேராக நம் வீட்டுக்கு வா. போன தடவை நீ லாட்ஜில் தங்கினாய், மாப்பிள்ளைக்கு ஏசி வேண்டும் என்றாய். தண்ணீர் கொடுத்தபோது தம்ளர் விளிம்பைத் துடைத்துவிட்டுக் குடித்தாய், அதை நான் அத்தாவிடம் சொல்லவில்லை. தலையணை உறையெல்லாம் வெந்நீரில் போட்டுத் துவைத்துவிட்டேன். குளியலறைக்கு சுபைர் புதுசாக டைல்ஸ் போட்டிருக்கிறான். தம்ளர்களைப் புளி போட்டுத் தேய்த்துத் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

அல்லாஹ் உன் தொழிலில் பரக்கத் செய்வானாக. உன் தலையில் ஒரு முடிகூட உதிராமல் காப்பானாக. வீடு சுத்தமாகத்தான் இருக்கிறது மகளே, வந்து தங்கு.

உன் அம்மா,
மெஹ்ராஜ் பேகம்