வாசலை மறிக்கும் வளைவு

மார்ச் 3, ஞாயிறு
அண்ணன் இன்றும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு. பொம்மை ரயிலைத் தனியாகவே ஓட்டினேன்.

பின்னறையின் நான்கு சுவரையும் ஒட்டிப் பலகை. அதன்மேல் இரட்டைப் பாதை, ஐந்து ஸ்டேஷன். கதவு இருக்கும் இடத்திலும் பலகை விடாமல், வாசலுக்குக் குறுக்கே இடுப்பு உயரத்தில் வளைந்து போகிறது. உள்ளே போகத் தவழத்தான் வேண்டும். அந்த வளைவு அண்ணன் போட்டது. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், வளைவைப் பற்றி யாரும் அவரிடம் பேச முடியாது.

நான் பேசினேன். கடைசியாக வந்த அன்று எக்ஸ்பிரஸ் அங்கே இரண்டு தடவை கவிழ்ந்தது. “பஸ்ஸை எப்படித்தான் ஓட்டினியோ” என்று கேட்டுத் தொலைத்தேன். நுணலும் தன் வாயால் கெடும்.

மார்ச் 6, புதன்
போன் செய்தேன். “வேலை இருக்கு” என்று வைத்துவிட்டார். ரிட்டயர் ஆனவருக்கு என்ன வேலை?

மார்ச் 10, ஞாயிறு
வரவில்லை. நானும் ஓட்டவில்லை. எனக்கென்ன போச்சு.

மார்ச் 12, செவ்வாய்
மருந்துக் கடையில் அண்ணியைப் பார்த்தேன். “இன்னும் எத்தனை நாளைக்கு முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு இருப்பாராம்?” என்றேன்.

“கோபமா? முட்டி மடங்கலம்மா அவருக்கு. அன்னைக்கு வெளியே வரும்போது பலகைக்கு அடியில எந்திரிக்க முடியாம கிடந்திருக்காரு. நீ டீ போட்டுக்கிட்டு இருந்தியாம். உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு. காட்டிக்காதே.”

பத்தடி தூரத்தில் அடுப்படியில்தானே இருந்தேன்! ஒரு குரல் கொடுத்திருந்தால் — எப்படிக் கொடுப்பார்? கேலி பண்ணினவளைப் போய்க் கூப்பிடுவாரா? வீடு வரும்வரை அழுகை அடங்கவில்லை.

மார்ச் 14, வியாழன்
வாசல் பலகையை அறுத்து, கீல் வைத்து, தூக்கி இறக்கும்படி செய்யலாம். ஆனால் அவர் கையால் போட்ட வளைவு. கேட்காமல் அறுப்பதா? கேட்டால் ஏன் என்பார்.

மார்ச் 16, சனி
அறுத்துவிட்டேன். தண்டவாளம் வெட்ட, நான் வேலை பார்க்கும் பல் லேபிலிருந்து, பல் செட் தேய்க்கும் சின்னச் சக்கரத்தைக் கொண்டுவந்தேன். எட்டு வெட்டு. ரயில் ஏழு சுற்று கவிழாமல் வந்தது.

நாளைக்கு வா என்று செய்தி அனுப்பினேன். காரணம் எழுதவில்லை.

மார்ச் 17, ஞாயிறு
வந்தார். தூக்கியிருந்த பலகையைப் பார்த்து நின்றுவிட்டார்.

“என் வளைவை யாரு அறுத்தது?”

“நான்தான். முதுகு பிடிச்சுக்கிச்சு, தவழ முடியல.”

“உனக்கா?”

“ஏன், எனக்கு வயசாகக் கூடாதா?”

உள்ளே நடந்து போனார். பலகையை இறக்கி, வெட்டிய இடங்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். பிறகு இரண்டு மணி நேரம் ஓட்டினோம். எக்ஸ்பிரஸை என்னிடம் தரவே இல்லை.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “முட்டி ஆபரேஷன். ஏப்ரல் ஒன்பது. உங்க அண்ணி பயந்துடுவா. நீ கூட இருக்கியா?”

லேபில் லீவு சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் காலை ஏழு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறார்களாம்.