ஏழாம் சுற்றில் நான் எடுத்தவன்

ஓகஸ்ட் 7, வியாழன்

சோழகக் காற்று ஓயவில்லை. கந்தோரில் கோப்பு, மேசை முழுக்கப் புழுதி. செய்ய வேண்டியவை: நூலகப் புத்தகம் இரண்டு (தவணை போய்விட்டது), அம்மாவின் கண்ணாடி, சைக்கிள் பின் டயர்.

சனி காலை ஃபன்டசி லீக் தெரிவு. விதிகளை இன்றுதான் ஒழுங்காக வாசித்தேன். கந்தோர் ஆட்கள் ஆறு பேர். இங்கிலாந்து உதைபந்தாட்ட வீரர்களைச் சுற்றுக்கு ஒருவராக எடுக்க வேண்டும். ஒருவர் எடுத்த ஆள் மற்றவருக்கு இல்லை. அந்த வீரர்கள் நிஜ ஆட்டத்தில் ஆடுவதற்கேற்ப எங்களுக்குப் புள்ளி. எல்லாரிடமும் இணையத்தில் கிடைத்த அதே பட்டியல்: எந்த வீரரை உலகத்தில் எந்தச் சுற்றில் எடுக்கிறார்கள் என்று.

ரிசானா மட்டும் வேறு. முல்லைத்தீவு பஸ்ஸில் வரப்போக, மூன்று மாதமாகப் பழைய ஆட்டங்களைப் பார்த்துக் கொப்பி நிறையக் குறிப்பு. மத்தியானம் எனக்கு மட்டும் காட்டினாள். பின்களத்தில் தடுத்து ஆடுகிற ஒருவன். பட்டியலில் பன்னிரண்டாம் சுற்று.

"கடைசி ஆறு ஆட்டமும் நடுவில விளையாடியிருக்கிறான். கோர்னர் அடிக்கிறதும் அவன்தான். ஆனா லீக்கில இன்னும் பின்களம் எண்டுதான் போட்டிருக்கு. பின்களக்காரன் கோல் அடிச்சாப் புள்ளி கூட. ஆறாம் சுற்றில எடுக்கட்டோ தர்சி? இல்லாட்டி எனக்கு விசரோ?"

"ஏன் அவசரம். பட்டியல் பன்னிரண்டு எண்டுது. பத்தாம் சுற்று வர மட்டும் பொறுங்கோ, ஆரும் தொடாயினம்."

தலையாட்டினாள்.

ஓகஸ்ட் 9, சனி

சிவம் அண்ணை வீட்டு விறாந்தை. பிளேன்ரீ, வடை, ஆறு போன். அவர்தான் எங்கள் தலைமை எழுதுவினைஞர், லீக்குக்கும் தலைவர்.

ஏழாம் சுற்று. என் முறை, அடுத்தது ரிசானா. ஒரு நிமிடம் தருவார்கள். ரிசானா கொப்பியில் காட்டியவனின் பெயரை அழுத்திவிட்டேன்.

"ஆர் உது? அடியில கிடக்கிறவன். தங்கச்சி பட்டியலைப் பாக்காமல் சொந்தமாத் தேடியிருக்கிறா. புத்தகம் வாசிக்கிற மூளை," என்று சிவம் அண்ணை என்னைப் புகழ்ந்தார்.

சிரித்தேன். சிரித்ததுதான் நினைவில் நிற்கிறது.

ரிசானா போனிலிருந்து தலை எடுக்கவில்லை. அவளிடம் கோல்காப்பாளர் ஏற்கெனவே ஒருவர், ஆட்டத்துக்கு ஒருவர்தான் தேவை. இன்னொரு கோல்காப்பாளரை எடுத்தாள்.

அவளுக்குக் கை தவறிப் போனது என்று வைத்துக்கொள்வோம்.

ஓகஸ்ட் 11, திங்கள்

வெயில். ரிசானா கதைத்தாள், வழமைபோல. "வவுனியாக் கடிதம் போட்டாச்சோ?" ஓம் என்றேன். அவ்வளவுதான் கதை. சாப்பாட்டுக்குத் தன் மேசையிலேயே இருந்துவிட்டாள்.

நூலகம் பூட்டு.

ஓகஸ்ட் 18, திங்கள்

முதல் வாரம் முடிந்தது. அவன் ஒரு கோல். நான் முதலிடம். லீக்கின் வாட்ஸ்அப் குழுவில் சிவம் அண்ணை: "எல்லாரும் தர்சியிட்டப் பாடம் எடுங்கோ." பதில் மூன்று தரம் எழுதி அழித்தேன். பிறகு கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினேன். கட்டைவிரல்!

ஆளை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. அவனைத் தருகிறேன், உங்களுடைய இரண்டாவது கோல்காப்பாளரைத் தாருங்கள் என்று ரிசானாவுக்குக் கேட்டு அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் மறுப்பு.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

தேத்தண்ணி நேரம் எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். "அவனைக் கண்டுபிடிச்சது ரிசானா. நான் அவாட கொப்பியில பாத்து எடுத்தனான்."

"கந்தோருக்குள்ளயே உளவோ பிள்ளை," என்றார் சிவம் அண்ணை. "ஆறு பேர் கூடினா அதுக்க ஒரு உளவாளி. கணக்குச் சரிதான்." எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்போடு விஷயம் சின்னதாகிப் போனது. எனக்கு அது பிடித்திருந்தது, அதுவும் கேவலம்.

கோப்பை கழுவும் இடத்தில் ரிசானா பின்னால் வந்தாள்.

"எடுத்தது பரவாயில்லை, விளையாட்டுத்தானே. ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. பத்து மட்டும் பொறுங்கோ எண்டு சொல்லேக்கயே எடுக்க நினைச்சிருந்தனீங்களோ?"

"இல்லை."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் முகம் தெளிந்துவிட்டது. என் கோப்பையையும் வாங்கிக் கழுவினாள்.

ஓகஸ்ட் 7 எழுதியதை இப்போது எடுத்துப் பார்த்தேன். 'பொறுங்கோ' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஏழு என்று மனதில் குறித்துவிட்டேன். அதை இங்கே எழுதவில்லை. வேறு யாரும் வாசிக்காத இடத்திலும்.