விடை சொல்லாத கூட்டம்

ஓர்ஸ் ஹில், திருகோணமலை
4.3.1997

அன்புள்ள நஜ்முன் நிஸாவுக்கு,

நலமா? குறிஞ்சாக்கேணியில் உங்கள் குழுப் பெண்கள் ஆறு பேரையும் வைத்து நான் நடத்தும் செயல்வழிக் கற்றல், மற்றப் பயிற்சிகளிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று நம் நிறுவனத்தின் தலைமை அலுவலகம் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். எனக்கும் முழு நிச்சயமில்லை. இலக்கமிட்டுத் தருகிறேன்.

1. வகுப்பு அல்ல. வகுப்பில் விடை முன்பே இருக்கும். இங்கே உங்கள் சொந்தப் பிரச்சினைதான் பாடம்.
2. வேலை பழகுதல் அல்ல. வலை பின்னிப் பின்னிக் கை தேறும். இங்கே செய்துவிட்டு வந்து, ஏன் அப்படிச் செய்தோம் என்றும் பேச வேண்டும்.
3. செயற்குழு அல்ல. அதற்கு வேலை முடிந்தால் போதும். இங்கே செய்தவரும் மாற வேண்டும்.
4. ஆலோசனை அல்ல. நடத்துபவர் விடை சொல்லக்கூடாது. கேள்வி மட்டுமே.

பிழையிருந்தால் திருத்துங்கள்.

சிவகுருநாதன்

குறிஞ்சாக்கேணி
11.3.1997

மதிப்புக்குரிய ஸேருக்கு,

நாலாவதை வாசித்ததும் எங்கள் குழுவிலுள்ள றஹ்மா, "ஓம், ஓம். 'எத்தின மணி ஸேர்' எண்டு கேட்டாலும், 'நீங்க எத்தினயெண்டு நினைக்கிறீங்க' எண்டுதானே கேப்பார்" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

ஒரு விடயம். என் கணவர் ஞாயிறு விடிய, துறைமுக வாய்ப் பக்கம் வலை போடப் போக நினைக்கிறார். மீன்பிடிப் பாஸ் இருக்கிறது. நேவி அங்கே தடை போடப் போவதாகவும் ஒரு கதை. டவுனில் இருக்கிற உங்களுக்குத் தெரிந்திருக்கும். போகலாமா ஸேர்?

நஜ்முன் நிஸா

ஓர்ஸ் ஹில்
13.3.1997

அன்புள்ள நஜ்முன் நிஸாவுக்கு,

போனால் என்ன நடக்கும்? போகாவிட்டால் என்ன நடக்கும்? கூட்டத்தில் வைத்துப் பாருங்கள். நான் சொன்னால் அது உங்கள் முடிவாகாது.

சிவகுருநாதன்

குறிஞ்சாக்கேணி
21.3.1997

ஸேர்,

சனிக்கிழமை கூட்டத்தில் வைத்தோம். ஆறு பேரும் முறைப்படி கேள்வி கேட்டோம். வீட்டில் அரிசி முடிந்திருந்தது. போவதென்று முடிவெடுத்தோம்.

தோணி மட்டும் கரைக்கு வந்தது. பக்கப் பலகையில் மூன்று துளைகள். அடக்கம் செய்ய அவருடைய மையித்தும் கிடைக்கவில்லை.

தடை சனிக்கிழமை தொடக்கமாம். உங்களுக்கு முன்பே தெரியுமா? இதற்குக் கேள்வி எழுத வேண்டாம்.

நஜ்முன் நிஸா

ஓர்ஸ் ஹில்
24.3.1997

நஜ்முன் நிஸாவுக்கு,

தெரியும். 13ஆம் திகதி வியாழக்கிழமை தபால் கந்தோர்ச் சுவரில் தடை அறிவித்தல் ஒட்டியிருந்தது. அதன் கீழே நின்றுதான் உங்களுக்கு எழுதிய கடிதத்துக்கு முத்திரை ஒட்டினேன். இரண்டு தரம் வாசித்தேன். உறையைப் பிரித்து ஒரு வரி சேர்க்கலாமா என்று யோசித்தேன். சொன்னால் முறை கெட்டுவிடும் என்று பயந்து, பெட்டியில் போட்டேன்.

ஒருவருக்கும் தெரியாததைத்தான் கேள்வியால் தேடுவது. தெரிந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

தலைமை அலுவலகத்துக்கு அந்தத் தாளை அனுப்பாதிருந்தால், திருத்திக்கொள்ளுங்கள். நாலாவது பிழை.

சிவகுருநாதன்